ஃபாதரைக் கூப்பிடாத நர்ஸ்

அத்தான் சாகக் கிடந்தார். எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க, சொந்த மச்சினி நர்ஸாக இருக்கும் வார்டுக்கே வந்து விழுந்தார். ஆண்டவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்று நர்ஸுக்கு அன்றுதான் நம்பிக்கை வந்தது.

அவளுடைய அக்காவை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டவர் இவர். கால் இடறி விழுந்தாள் என்று சாதித்தார். கோர்ட்டும் நம்பித் தொலைத்தது. அதைவிட நர்ஸின் வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. விழுந்த அக்கா உடனே சாகவில்லை. ஃபாதரைக் கூப்பிடச் சொல்லி முனகியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி காதில் அது விழுந்திருக்கிறது. கோர்ட்டில் மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. இந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு, முனகல் அடங்கிய பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஃபாதரைக் கூப்பிடும்மா. பாவசங்கீர்த்தனம் பண்ணணும், செஞ்ச பாவத்தையெல்லாம் அவர்கிட்ட சொல்லணும்," என்றார் காலையில்.

"கூப்பிட்டுட்டேன் அத்தான். வந்துகிட்டே இருக்கார்."

கூப்பிடவில்லை. கூப்பிடுவாளா? பாவமன்னிப்பு இல்லாமல் செத்தால் எங்கே போவார் என்று மறைக்கல்வி வகுப்பிலேயே படித்தவள். கீழ்க்கோர்ட் விட்டதை மேலே உள்ள கோர்ட் பிடித்துக்கொள்ளட்டும். அதுவரை காவல் நிற்பது தன் பொறுப்பு. ஊசி போட்டாள், உதட்டை நனைத்தாள், விரிப்பை மாற்றினாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

மதியம் அவருக்கு மூச்சு இரைத்தது. "இன்னும் வரலியா?"

"வழியில டிராஃபிக்காம்." சொல்லும்போதே நாக்கு தித்தித்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படாததுதான் அவளுக்கு எரிச்சல். "நீ கூப்பிட மாட்டே. நியாயந்தான்," என்றார். "பாவத்துக்கு வருத்தப்பட்டுச் சொல்ற மனஸ்தாப ஜெபமாவது சொல்லிக் குடும்மா. மறந்துபோச்சு."

அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் ஜெபம். பல்லைக் கடித்துக்கொண்டு சலைன் பாட்டிலையே பார்த்தாள்.

அவர் தானாகவே முனகத் தொடங்கினார். "நான்தான் தள்ளினேன் சாமி. அவ கெஞ்சினா, கதவைச் சாத்தினேன். எனக்கு நரகமே குடுங்க. அவகிட்ட மட்டும் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடுங்க." மூக்கு ஒழுக அழுதார். அழுதபடியே போய்ச் சேர்ந்தார்.

அப்புறம்தான் ஃபோன் போட்டாள். மூச்சு வாங்க ஓடிவந்த ஃபாதரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல், பெருமையாகவே சொன்னாள். ஆளை நரகத்துக்கு அனுப்பியாகிவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது?

ஃபாதர் பிணத்தின் நெற்றியில் சிலுவை வரைந்தார். "மனசு நொந்து அழுதவரை ஆண்டவர் தள்ளமாட்டார்மா. பாவசங்கீர்த்தனத்துக்கு ஏங்கினாரே, அது போதும். ஆண்டவர் என் வண்டிக்காகக் காத்துக்கிட்டா இருப்பார்?" பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு உன்னை நினைச்சாத்தான் பயமா இருக்கு. உக்காரு, உன் பாவசங்கீர்த்தனத்தை இப்பவே கேக்கறேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாளெல்லாம் காவல் காத்தது வீண். அத்தான் மோட்சத்துக்கு உள்ளே போய்விட்டார். வெளியே நிற்பது அவள்தான்.

"எனக்கு வருத்தமே இல்ல ஃபாதர். அப்புறம் என்னத்தச் சொல்றது?"

"நாளைக்கு மோட்சத்துல உங்கக்காவைப் பாக்க வேண்டாமா?"

அதுவரை கல்லாக இருந்தவள் உடைந்தாள்.

"அடி வாங்கின ஒவ்வொரு தடவையும் அவதான் ஃபாதர் மன்னிச்சா. வீங்கின மூஞ்சியோட அவருக்கு சாப்பாடு எடுத்து வெச்சா. செத்தாவது தப்பிச்சாளேன்னு இருந்தேன். அங்கயும் அவ பக்கத்துலயே கொண்டுபோய் விட்டுட்டீங்களே!"