வைவதை விட்ட லூர்துசெல்வி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மற்றவர்கள் கறியை விட்டார்கள், மீனை விட்டார்கள். கொட்டச்சேடு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்யும் லூர்துசெல்வி வைவதை விட்டாள். கறி இல்லாமல் நாற்பது நாள் என்ன, நானூறு நாள்கூட அவள் இருந்துவிடுவாள். யாரையாவது நாலு வார்த்தை வையாவிட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்காது. ஒறுத்தல் என்றால் பிடித்ததை அல்லவா விட வேண்டும்?

எஸ்டேட் லைன் வீடுகள் பன்னிரண்டிலும் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் சிரிப்பு நின்றது. அந்த லைனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்ததே அவள் வாயால்தான். குழாய் வறண்டால் மேட்டிலிருக்கும் டேங்குக்கு ஏறிப்போய், தண்ணீர் திறந்துவிடும் காளியப்பனை அவன் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்து வைவாள். அவள் இறங்கி வருவதற்குள் குழாய் சீறும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது இரண்டு நாளாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்றைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டுக் காவேரியின் மகள் மேகலாவைப் பெண் பார்க்க வாழவந்தியிலிருந்து வருகிறார்கள். பதினைந்து பேருக்குச் சமைக்க வேண்டும்.

"ஏனுங்க்கா, ஒரே ஒரு தடவை போயி வஞ்சுட்டு வந்துருங்க" என்று காவேரி கெஞ்சினாள். "நொம்ப வேண்டாமுங்க, கொஞ்சமா வஞ்சாப் போதும். உங்க சாமி ஒண்ணும் சொல்லாதுங்க."

லூர்துசெல்விக்கு அழுகையே வந்துவிட்டது. மேகலா அவள் மடியில் வளர்ந்த பெண். சாமிக்குக் கொடுத்த வாக்கையும் மீற முடியாது, இந்தப் பெண்ணையும் வெறுங்குடத்தோடு நிறுத்த முடியாது. "போறேன், ஆனா வையமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே மணிகளை உருட்டிக்கொண்டே ஏறினாள். வாய்தான் ஜெபித்தது. மனசு வழிநெடுகக் காளியப்பனைக் கிழித்துத் தோரணம் கட்டியது.

அவன் டேங்கடியில் உட்கார்ந்திருந்தான். இவளைக் கண்டதும் துள்ளி எழுந்து வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

"கரண்டு இல்லீங்க்கா."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மோட்டாருல ஏர் புடிச்சுக்கிச்சுங்க."

அவள் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளினாள்.

"காட்டெருமை வந்து பைப்பை மிதிச்சுப்போட்டுதுங்க."

அதோடு அவனிடம் பொய் தீர்ந்துபோனது. வசவு கலக்காமல் என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. கடைசியில், "கையில என்ன கண்ணு?" என்றாள்.

காட்டினான். அழுக்குத் துணிச் சுற்றுக்குள் உள்ளங்கை கிழிந்து வீங்கியிருந்தது. இறுகிப்போன வால்வைத் திருகும்போது கிழித்துவிட்டதாம். அன்றிலிருந்து திருக முடியவில்லையாம்.

"ஏஞ் சாமி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்னு உங்க ஊட்டு வரைக்கும் வந்தனுங்க. நீங்க வைவீங்கன்னு பயந்துக்கிட்டுத் திரும்பிட்டனுங்க."

லூர்துசெல்விக்குச் சுருக்கென்றது. தண்ணீரைக் கொண்டுவரும் வாய் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! வெட்கத்தில் முகம் சிவந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வால்வைப் பிடித்தாள். அவன் இடது கையால் தள்ள, அவள் இரண்டு கையாலும் இழுக்க, மூன்றாவது இழுப்பில் அது கிறீச்சென்று திரும்பியது.

"போயி ஊசி போட்டுக்க கண்ணு. கை ஆறுற வரைக்கும் நானே வந்து தொறந்து உடறேன்."

"யாருகிட்டயும் சொல்லிராதீங்க்கா. வேலைக்கு ஆகாதுன்னு நிறுத்திப்போடுவாங்க."

"சொல்லலே" என்று வாக்குக் கொடுத்தாள்.

லைனுக்குத் திரும்பியபோது குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. காவேரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "என்னன்னு வஞ்சீங்க்கா?"

"வையலே."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கடைசி வீட்டு வெண்ணிலா, "வெளிய சொல்லக் கூசற வார்த்தையாட்ட இருக்குது. பாவம், நம்மனால அக்கா வெரதம் போச்சு" என்றாள்.

லூர்துசெல்விக்கு நாக்கு துறுதுறுத்தது. நடந்ததைச் சொன்னால் அவள் விரதத்தின் பேர் பிழைக்கும், காளியப்பன் பிழைப்பு போய்விடும். வைவதை விட்டபோதுகூட இத்தனை கஷ்டமாக இல்லை. பேசாமல் மேகலாவிடமிருந்து நிறைகுடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு மனசு அத்தனை லேசாக இருந்தது.