வாடைக்குத் திருப்பிய புகைக்கூடு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குசினிக்குள் புகை அடைத்துக்கொண்டு நின்றது. யூலியட்டுக்கு அதைவிடப் பெரிய கவலை அவள் புருஷன். கட்டார் வேலைக்குப் போகிறதா இல்லையா என்று கேட்டால் றஜீவன், "யோசிச்சுச் சொல்லுறன்" என்பான். கலியாணம் முடிந்து ஒரு வருசம்தான். யோசிக்கிற மனிசன் இப்படிச் சோற்றைப் பிசைந்துகொண்டு, சாப்பிடாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

"கரம்பொனில இருந்து வந்த பெட்டைக்கு விறகடுப்பு எங்க சரிவரும்?" முற்றத்தில் நின்று இருமினாள் மாமியார் ஆச்சிமுத்து. "கொம்மா காஸ் அடுப்பிலதானே சமைக்கிறவ."

"விறகு ஈரம், மாமி."

"ஈரமோ? பனைமட்டை அப்பளம் மாதிரிக் காஞ்சு கிடக்குது!"

இருக்கவும் ஏலாமல் நிற்கவும் ஏலாமல், காலை றஜீவன் கடலுக்குப் போனதும் யூலியட் அடுப்பைப் பிரித்துப் போட்டாள். சாம்பலை வாரி மாட்டுக்கொட்டிலில் கொட்டினாள். கம்பித் தட்டைக் கழற்றிச் சிரட்டையால் சுரண்டினாள். வெடிப்புகளுக்குக் களிமண் அப்பி, சாணம் போட்டு மெழுகினாள். காயவிட்டு மூட்டினால், அப்போதும் புகை அவள் முகத்துக்கே வந்தது.

மிச்சம் புகைக்கூடுதான். கொள்ளியை இழுத்து அணைத்துவிட்டு, பழைய வலைத் துண்டைப் பந்தாகச் சுருட்டி, கல்லொன்றைச் சேர்த்துக் கயிற்றில் கட்டிக்கொண்டு, குசினிக் கூரையில் ஏணியைச் சாத்தி ஏறினாள். குழாய்க்குள் விட்டு இழுத்தால் கரி முழுக்க வந்துவிடும்.

ஏறியதும் கை நின்றது.

புகைக்கூட்டின் உச்சியில், ஒரு பக்கம் மட்டும் திறந்த தகர மூடி ஒன்று உண்டு. தென்மேற்கிலிருந்து சோளகக்காற்று அடிக்கும் மாதங்களில் அதன் வாய் வடகிழக்கைப் பார்க்கும். ஐப்பசியில் வாடைக்காற்று பிறந்ததும் றஜீவன் ஏறி மற்றப் பக்கம் திருப்பிக் கட்டுவான். "காத்துக்கு முதுகு காட்டினாத்தான் புகை போகும்" என்று அவளுக்குச் சொன்னவனும் அவன்தான்.

இப்போது ஆவணி. சோளகம் அவள் சட்டையைப் பறித்துக்கொண்டு அடிக்கிறது. மூடியோ அந்தக் காற்றுக்கு நேரே வாயைத் திறந்துகொண்டிருந்தது. புது வலைநூல். அவனுடைய முடிச்சு. ஞாயிறு அவள் பூசைக்குப் போயிருந்தபோது கட்டியிருக்கிறான்.

ஐப்பசியில் திருப்ப அவன் இங்கே இருக்கப்போவதில்லை.

"ஏனப்பா அங்க ஏறினநீர்? விழுந்துடுவீர்!" மீன்பறியோடு படலையைத் திறந்துகொண்டு வந்தான் றஜீவன். அவள் கை மூடியில் இருப்பதைப் பார்த்ததும் பறியைக் கீழே வைத்தான்.

"எப்ப பயணம்?"

"அடுத்த கிழமை" என்றான். "வாடைக்க உமக்கு ஏறக் கஸ்ரமாயிருக்கும் எண்டுதான்..."

"என்னைப்பற்றி அவ்வளவுக்கு யோசிச்சிருக்கிறியள். என்னட்டக் கேக்க மட்டும் மறந்து போனியள்."

"ரெண்டு வருசம்தானே, யூலியட்."

"நான் இந்தத் தீவுக்கு உங்களோட இருக்கத்தான் வந்தனான். அடுப்போட இருக்க இல்லை."

"என்ன அடுத்த கிழமை?" ஆச்சிமுத்து வாசலுக்கு வந்தாள். விஷயம் விளங்கியதும் துவாயால் மகனின் முதுகில் ஒன்று போட்டாள். "பெத்தவளுக்கும் ஒளிச்சனியோடா? நாலு நாளா இந்தப் பிள்ளையை நான் சும்மா திட்டியிருக்கிறன்!"

யூலியட் இறங்கி வந்தாள். கரிக் கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஏறுங்கோ. எந்தப் பக்கம் திருப்பிறதெண்டு நீங்களே பாத்துத் திருப்புங்கோ. நான் இனி ஒண்டும் கேக்கமாட்டன்."

அவன் ஏறினான். பிறகு தகரம் கிறீச்சிட்டுத் திரும்பியது. அவள் அண்ணாந்தாள். வாய் வடகிழக்கைப் பார்த்தது.

ஆனால் அவன் இறங்கவில்லை. அந்த வளவில் போனுக்குச் சிக்னல் ஒழுங்காய்க் கிடைக்கிற இடம் குசினிக் கூரைதான்.

"ஓம் அண்ணை, நெடுந்தீவு றஜீவன்தான்... கட்டார் லிஸ்ரில இருந்து என்ர பேரை எடுத்துவிடுங்கோ... இல்லையண்ணை, சுகமாத்தான் இருக்கிறன்... சேச்சே, ஒருத்தரும் தடுக்கேல்லை."

"நான்தான் தடுத்தனான் எண்டு சொல்லுங்கோ!" யூலியட் கீழே நின்று கத்தினாள்.

"ஓம் அண்ணை," என்றான் றஜீவன். "அவதான். உங்களுக்குக் கேட்டிருக்குமே."