சரியண்ணனின் தலையாட்டல்

அட்டைப்பெட்டி செய்யும் அந்த ஆலையில் அவரை எல்லோரும் சரியண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சுப் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். மேனேஜர் ஒரே மூச்சில் பத்து வேலை சொன்னாலும் தலையை ஒரு முறை ஆட்டி "சரி" என்பார். தொழிலாளி லீவு கேட்டாலும் சரி. கேண்டீன்காரர் இன்றைக்குப் பால் திரிந்துவிட்டது என்றாலும் சரி. "இந்த மனுஷன் யாரையாவது எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பாத்திருக்கீங்களா?" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடவே சிரிப்பார். தங்கமான மனிதர் என்று பெயர்.

அவருக்குக் காது கேட்பதில்லை என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது.

இருபத்திரண்டு வருடம் அந்த இயந்திரங்களுக்கு நடுவில் நின்றதில் இடது காது முதலில் போனது. வலது காது மெல்ல மெல்ல அதன் பின்னால் போனது. ஒரேயடியாக அடைத்துவிடவில்லை. குரல் வரும், வார்த்தை வராது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல இருக்கும். உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகினார். மீசை மூடிய வாய்கள் சிரமம். எதையாவது மென்றுகொண்டே பேசுபவர்கள் அதைவிடச் சிரமம். புரியாதபோது மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார். அவர்கள் சிரித்தால் சிரிப்பார், முகம் சுளித்தால் தானும் சுளிப்பார்.

ஒரு தடவை காதுக்கருவி ஒன்று வாங்கிப் பார்த்தார். வீட்டில் பரவாயில்லை. ஆலைக்குள் போனதும் அத்தனை இயந்திரமும் மண்டைக்குள் ஓடியது. கழற்றிவிட்டார். அந்த இரைச்சல் இல்லாவிட்டாலும் அதை எல்லோரும் பார்க்க மாட்டிக்கொண்டு தினமும் உள்ளே நடக்க அவருக்குத் துணிச்சல் இருந்திருக்காது. அதற்கு முந்தைய வருடம்தான் கண்பார்வை மங்கிய ஒருவரையும் முதுகு ஒடிந்த ஒருவரையும் "உடல் தகுதியில்லை" என்று ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வருடாந்தரப் பரிசோதனையில் சத்தம் கேட்டதும் கை தூக்கச் சொன்னபோது, சோதிக்கிறவரின் விரல் பொத்தானில் அழுந்துவதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கை தூக்கித் தேறினார்.

எட்டு மாதங்களுக்கு முன் புது மேனேஜர் வந்த பிறகு பாடு பெரும்பாடாகிவிட்டது. அவர் சுவரிலிருக்கும் கணக்குப் பலகையைப் பார்த்தே பேசுவார். முதுகுதான் தெரியும். எழுதி அனுப்பும் பழக்கமும் கிடையாது. எல்லா உத்தரவும் போனில் குரல்பதிவாகக் குழுவுக்கு வரும். சரியண்ணன் மாலையில் வீட்டுக்குப் போய் மகளிடம் போனைக் கொடுப்பார். அவள் கேட்டுக் கேட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தட்டெழுதி அப்பாவுக்கே திருப்பி அனுப்புவாள்.

"உங்க மேனேஜர் ஒரு நிமிஷத்துல நாலு தடவை 'புரியுதா' கேக்குறாருப்பா. பதில் கேக்க ஒரு செகண்டு நிறுத்துறதில்ல" என்றாள் ஒரு நாள்.

"அப்பா, சொல்லிடுங்கப்பா" என்றும் பல முறை சொன்னாள். அதற்கு மட்டும் அவர் சரி என்றதில்லை.

அன்று காலை பத்தரை மணி. மருந்துக் கம்பெனி ஒன்றின் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் எண் அச்சு இயந்திரத்தில் மை உருளைகளுக்கு நடுவே அட்டை கிழிந்து சிக்கிக்கொண்டது. ஆபரேட்டராக இருந்த பெண் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தினாள். மெக்கானிக் வந்தார். முப்பத்தைந்து வயது, வேகமான ஆள், வாய் ஓயாமல் பேசுபவர். பக்க மூடியைக் கழற்றி உள்ளே குனிந்து பார்த்தார். மற்ற இயந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

மெக்கானிக் தலையை வெளியே எடுத்து சரியண்ணனைப் பார்த்தார். "அண்ணே, மெஷினப் போடாதீங்க, உள்ள கை விடுறேன்" என்றார். பாதி வார்த்தையிலேயே அவர் முகம் இயந்திரத்துக்குள் திரும்பிவிட்டது. "மெஷினப் போ" வரைதான் சரியண்ணன் உதட்டில் பார்த்தார். வேண்டாம் என்பது அந்த வார்த்தையின் வாலில் இருந்தது. வால் இயந்திரத்துக்குள் போய்விட்டது.

அவர் தலையாட்டினார். "சரி."

திரும்பி ஆபரேட்டரைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். "போடும்மா."

அவள் ஒரு கணம் தயங்கினாள். அவள் நின்ற இடத்திலிருந்து மெக்கானிக் தெரியமாட்டார். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

அலறல் சரியண்ணனுக்குக் கேட்கவில்லை. ஆபரேட்டரின் வாய் பெரிதாகத் திறப்பதைத்தான் பார்த்தார். பிறகு எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தார். யாரோ சிவப்புப் பொத்தானைக் குத்தினார்கள். நீல மையோடு ரத்தம் கலந்து தரையில் இறங்கியபோதுதான் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்தது.

மெக்கானிக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது கை. மூன்று விரல்கள் தங்காது என்று பன்னிரண்டு மணிக்குத் தகவல் வந்தது.

ஒரு மணிக்கு விசாரணை. கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மெக்கானிக்கின் ரத்தம் காய்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்க போடச் சொன்னீங்களேண்ணே. நான் உங்களப் பாத்துத்தானே போட்டேன்."

இது அவருக்கு ஒவ்வொரு எழுத்தாகப் புரிந்தது. "ஆமாம்மா" என்றார்.

உள்ளே மேனேஜர் இருந்தார். அவருக்கு எதிரே பணியாளர் பிரிவு அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி. கடும் ஜலதோஷம் என்று முகக்கவசம் போட்டிருந்தார். சரியண்ணன் அந்தத் துணியைப் பார்த்தார். உதடு தெரியவில்லை.

கவசம் அசைந்தது. கேள்வி வந்ததென்று தெரிந்தது, என்ன கேள்வியென்று தெரியவில்லை. அவர் மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். மேனேஜர் தனக்குத்தானே மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சரியண்ணனும் ஆட்டினார். கவசம் மறுபடி அசைந்தது. மறுபடி ஆட்டினார். மூன்றாவது முறை அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கி அவரையே பார்த்தார். ஏதோ உறுதி கேட்கிறார் என்று தோன்றியது.

"சரி மேடம்" என்றார்.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன கேட்டார்கள், எதற்குச் சரி சொன்னோம் என்று ஒன்றும் தெரியாமல் நடைபாதையில் நின்றார். திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள். குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். மறுபடி கழுவினார்.

அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்த தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து மேனேஜரே பேனாவை நீட்டினார். சரியண்ணன் படித்தார். கை உள்ளே இருப்பதாக மெக்கானிக் யாரிடமும் சொல்லவில்லை என்பதை மேற்பார்வையாளர் உறுதி செய்கிறார். மெக்கானிக் விதிப்படி சுவிட்சில், இயந்திரத்தைப் போடக்கூடாது என்று எச்சரிக்கும் ரெட் டேக் மாட்டவில்லை. விபத்துக்கு முழுப் பொறுப்பும் மெக்கானிக்கின் கவனக்குறைவே.

இரண்டாவது தடவையும் படித்தார். மெக்கானிக் ஏதோ சொன்னார். சொன்னதைத் தன் கண்ணால் பார்த்திருந்தார். சொல்லவில்லை என்று இந்த அறையில் தலையாட்டியிருக்கிறோம். காலையில் ஒரு தலையாட்டலில் அந்த மனிதனின் விரல் போனது. மத்தியானம் இன்னொரு தலையாட்டலில் அவன் வார்த்தையும் போய்விட்டது.

கையெழுத்துப் போட்டால் நாளைக்கும் வேலைக்கு வரலாம். சரியண்ணன் என்றே கூப்பிடுவார்கள். பேனாவை ஊன்றினார். தாளில் ஒரு புள்ளி விழுந்தது.

மேனேஜர் ஏதோ சொன்னார். "சீக்கிரம்" என்பது மட்டும் உதட்டில் தெரிந்தது.

"டேக் மாட்ட வேண்டாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் சரியண்ணன்.

தான் பேசியது அவருக்கே பாதிதான் கேட்டது. மேனேஜரும் அதிகாரியும் நிமிர்ந்ததிலிருந்து கத்திவிட்டோம் என்று தெரிந்தது.

மேனேஜர் கையை விரித்தார். அப்படி ஒரு பதிவே இல்லை என்பது போலத் தன் போனைத் திருப்பிக் காட்டினார். குழுவில் அந்த இடத்தில், பதிவு நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் இருந்தது. சரியண்ணன் தன் போனை எடுத்து, மகள் அனுப்பியிருந்ததைத் தேடிப் பிடித்து, மேசைமேல் வைத்துத் தள்ளினார். செவ்வாய்க்கிழமை மாலை ஏழு பத்து. "சின்ன அடைப்புக்கெல்லாம் ரெட் டேக் வாங்க ஸ்டோருக்கு ஓட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம் போகுது, புரியுதா, வாயால சொல்லிட்டு வேலையப் பாருங்க, புரியுதா."

அதிகாரி படித்தார். பிறகு முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"இத யாரு டைப் பண்ணது?"

"என் மக."

"உங்க மக எதுக்கு டைப் பண்ணணும்? நீங்க கேட்டாப் போதாதா?"

முதல் முறையாக அந்த அறையில் ஒரு கேள்வி முழுசாக அவருக்குப் புரிந்தது. மேனேஜரைப் பார்த்துப் பதில் கண்டுபிடிக்க வழியில்லை.

"எனக்குக் காது கேக்காது மேடம்" என்றார். "ஆறு வருஷமா. நீங்க மாஸ்க் போட்டுக்கிட்டு கேட்டது ஒண்ணுகூட எனக்குப் புரியல. சும்மா தலையாட்டினேன். காலையிலயும் அப்படித்தான் ஆட்டினேன். மெக்கானிக் தம்பி சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு. போடாதேன்னு சொன்னத நான் போடுன்னு எடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்லித்தான் போட்டா."

பேனாவைத் தாளின்மேல் வைத்தார். அதற்கப்புறம் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் வேகமாகப் பேச ஆரம்பித்தார். அதிகாரி அவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை இழுத்து எழுதி, சரியண்ணன் பக்கம் திருப்பிவைத்தார். "இப்போது சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள். எழுதினால் உங்கள் வேலை போகும் என்று தெரிகிறதா?"

அவர் எழுத ஆரம்பித்தார்.

அன்றே அவருடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். முடிவு தெரியும் வரை வரவேண்டாம் என்றார்கள். பதினோரு நாள் கழித்து முடிவும் தெரிந்தது. உடல் தகுதியில்லை. மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டார். ஆபரேட்டர் ஒரு வாரம் வரவில்லை, வந்தபோது இயந்திரம் வேண்டாம் என்று சொல்லிப் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போய்விட்டாள். மெக்கானிக்கின் கேஸ் மட்டும் வேலையிட விபத்து என்று பதிவானது. நஷ்டஈடு வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது.

வேலை போன மறுநாள் சரியண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதுவரை மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பியிருந்தார். மெக்கானிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கை, தலையணை அளவு கட்டுக்குள் இருந்தது. மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தினாள்.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

மெக்கானிக் கட்டுப்போட்ட கையை மெல்ல நகர்த்தி வைத்தார். பிறகு ஏதோ கேட்டார். சரியண்ணனின் தலை பழக்கத்தில் அசையப் போனது. அதை நிறுத்தினார்.

"கேக்கல தம்பி. இன்னொரு தடவ சொல்லுங்க."

மெக்கானிக்கின் முகம் இறுகியது. உதட்டை நன்றாகத் திறந்து மூடிச் சொன்னார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லண்ணே? தினம் உங்ககூடத்தானே டீ குடிச்சேன்?"

"சொல்லியிருக்கணும்."

"உங்கமேல எனக்குக் கோபம் போகல. போகுமான்னும் தெரியல."

"புரியுது."

"நெஜமாவே புரிஞ்சுதா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று கேட்டது அவர் மனைவி. அவள் முகத்தில் கேலி இல்லை.

"கோபம் போகலன்னு சொன்னாரும்மா. போகுமான்னு தெரியலன்னாரு."

அவள் தலை குனிந்துகொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து அந்த நஷ்டஈட்டுப் படிவத்தை எடுத்து நீட்டினாள். கணவரால் எழுத முடியாது, தன் எழுத்து அவ்வளவு வராது, இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும் என்று சைகையும் பேச்சுமாகச் சொன்னாள். பாதி புரியாமல் மறுபடி கேட்டார். அவள் மறுபடி சொன்னாள்.

சரியண்ணன் தரையில் உட்கார்ந்து, ஸ்டூல்மேல் படிவத்தை விரித்தார். பெயர், வயது, வேலையில் சேர்ந்த தேதி. மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதினார். வயதை மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை மெக்கானிக் எரிச்சலோடு இடது கை விரல்களை விரித்து விரித்துக் காட்டினார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது கேள்வி, விபத்து எவ்வாறு நேர்ந்தது என்பது. கீழே ஆறு வரி காலியிடம் விட்டிருந்தார்கள். அவர் நிமிர்ந்து மெக்கானிக்கின் வாயைப் பார்த்தார்.

"அத நீங்களே எழுதுங்க" என்றார் மெக்கானிக்.

ஆறு வரி போதவில்லை. ஓரத்திலும் எழுதினார்.