317-இன் காலிப் பட்டியல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பள்ளிக்கூட வாசல். மாலை மூன்று பத்தொன்பதுக்கு ஒரு பெண் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தாள். காவலாளியிடம் அவள் கத்தியதில் பாதிக் கதை இருந்தது. மீதிப் பாதி என் கைச்சரக்கு. நான் என் மகளை அழைத்துப் போக வந்தவன். அவ்வளவுதான் என் பங்கு.

('அவ்வளவுதான்' என்பது பொய். ஆறாம் பகுதியில் மாட்டிக்கொள்வேன்.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'மணி மூன்றை நெருங்கியபோது அவளுடைய விரல்கள் நடுங்கி—'

வேண்டாம். விரல் நடுக்கத்தோடு நான் ஆரம்பித்த தொடர்கதைகள் ஏற்கெனவே ஒரு டஜன் தேறும்.

'புரோகிராமர்கள் பொதுவாக ஓடுவதில்லை. ஆனால் அன்று—'

இது துணுக்கு. கதை இல்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எந்தக் குழந்தையை யாரோடு அனுப்பலாம் என்று பள்ளி வாசலில் ஒரு டேப்லட் சொல்லும்; அந்த ஏற்பாட்டை எழுதியவள் அவள்தான். அதே பள்ளியில் அவளுடைய அக்கா மகள் படிக்கிறாள். ஆறு வயது. வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு.

வாலுவின் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். குழந்தையின் பாஸ்போர்ட் அப்பாவிடம் இருந்தது. கேட்கக் கேட்கத் தர மறுத்தார். குழந்தையை அவர் தனியாக அழைத்துப் போகக்கூடாது என்று கோர்ட் சொன்னது. திங்கட்கிழமை அக்காவும் தங்கையும் அந்த உத்தரவைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்தார்கள். 'இவரிடம் விடக்கூடாது' பட்டியலில் அவர் பெயர் ஏறியது.

"இனி அத்தான் தலைகீழா நின்னாலும் கேட் திறக்காதுக்கா."

"நிஜமாவா? இது நீ எழுதினதுதானே?"

"நானே எழுதினது."

"அதனாலதான் பயமா இருக்கு," என்று அக்கா சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

3

இங்கே கொஞ்சம் பாடம். பரீட்சை கிடையாது.

புரோகிராமுக்குள் வாலு ஓர் ஆப்ஜெக்ட். பெயர், வகுப்பு, அழைத்துப்போக வரக்கூடியவர்கள், வரக்கூடாதவர்கள், எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று நூல் கட்டிக் கிடக்கும். அதை அப்படியே தூக்கி வாசல் டேப்லட்டுக்கு அனுப்ப முடியாது. எழுத்தாக மாற்ற வேண்டும். சுருள் அடைப்புக்குறிக்குள் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு என்று வரிசையாக எழுதுவதற்கு ஜேசான் என்று பெயர். அந்த எழுத்தைப் படித்து, டேப்லட் தன் பக்கம் புதிதாக ஓர் ஆப்ஜெக்டைச் செய்துகொள்ளும். எழுத்தில் ஒரு பட்டியல் வரவே இல்லை என்றால்? கேள்வி கேட்காது. காலிப் பட்டியல் ஒன்றை அங்கே வைத்துக்கொள்ளும்.*

புதன்கிழமை 317-ஆம் பதிவு மட்டும் எழுத்தாக மறுத்தது. குழந்தையை எழுதப் போனால் விடக்கூடாத ஆள் வருகிறார். அவரை எழுதப் போனால் அவருடைய பிள்ளை வருகிறது. பிள்ளையை எழுதப் போனால் மறுபடி அவர். சுற்றிச் சுற்றி எழுதி, புரோகிராம் மூச்சுமுட்டி விழுந்தது. அவள் ஒரே வரியில் வைத்தியம் பார்த்தாள். 'விடக்கூடாது' பட்டியலின் தலையில் 'எழுதாதே' என்று ஒரு குறி. சுற்று அறுந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் மளமளவென்று போய்ச் சேர்ந்தன.

317 யார் என்று அவள் பார்க்கவில்லை.

(இந்தப் பெண்ணை நான் சந்தேகித்தது இங்கேதான். திங்கட்கிழமை அக்காவுக்கு வாக்குக் கொடுத்தவளுக்குப் புதன்கிழமை ஒரு பொறி தட்டாதா? நான்கு முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். அவள் மாறவில்லை. அலுவலகத்தில் அவளுக்கு எண்தான் தெரிந்தது. வாலு வீட்டில் இருப்பவள்.)

* நான் செய்வதும் இதே வேலைதான். ஆளை எழுத்தாக்கி அனுப்புகிறேன். அவள் மூக்குக்கண்ணாடி போட்டவளா என்று நான் சொல்லவில்லை. நீங்கள் மாட்டிவிட்டீர்கள், இல்லையா?

4

வெள்ளிக்கிழமை, மூன்று மணி.

"ஏம்மா, உங்க ஸ்கூல்ல எல்லாரும் உத்தமர்களா?" என்றான் பக்கத்து மேஜைத் தாடி. வாசலுக்குப் போகும் எழுத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன்?"

"நானூத்திச் சொச்சம் பிள்ளைங்க. 'இவர்கிட்ட விடாதே'ன்னு ஒரு பேர்கூட இல்ல. அந்த வரியையே காணோம். எங்க சொந்தத்துல மட்டுமே எட்டுப் பேர் தேறுவாங்க."

அவள் சிரிக்க வாய் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

"தாடி... அந்தக் குறி... அதை நான்தான் வச்சேன்."

"எதை?"

பள்ளி விடுவது மூன்று பத்துக்கு. பள்ளியின் எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடி அழுத்தினாள். பிஸி.

"குறியை எடுத்துட்டு திரும்ப அனுப்பு!"

"எடுத்தா மறுபடி சுத்துமே!"

"அப்பா பதிவுல 'பிள்ளைங்க' பட்டியல் இருக்குல்ல, குறியை அங்க வை. அங்க வெட்டு, இங்க வெட்டாதே!"

லிஃப்ட் வராமல் ஐந்தாம் மாடியிலேயே நின்றது. படிகளில் இறங்கினாள். இரண்டாவது தெருவில் செருப்பு வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். கையில் போன் அடித்தது. அக்கா.

"என்னடி, இப்படி மூச்சு வாங்குது?"

"மாடி ஏறுறேன்க்கா."

"இன்னைக்கு வாலுவைக் கூப்பிடப் போறது நீதானே? மூணரைக்கு மேல அவளைக் கேட்ல நிக்க வைக்காதே."

"நான்தான். போய்க்கிட்டே இருக்கேன்."

"மிட்டாய் கிட்டாய் வாங்கிக் குடுத்தே, தோலை உரிச்சிடுவேன்."

"சரிக்கா."

சொல்லியிருக்கலாம். அங்கேயும் ஓர் 'எழுதாதே' குறி வைத்துவிட்டு ஓடினாள்.

5

முடிவு ஒன்று: அவள் வாசலை எட்டும் நொடியில் டேப்லட்டில் சிவப்பு விளக்கு. காவலாளி கையை நீட்டி மறிக்கிறார். வாலு பாய்ந்து வந்து சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள்.

பத்திரிகை ஆசிரியர் குழு இதைத்தான் கேட்கும். கிழித்துவிட்டேன். தாடியின் திருத்தம் போய்ச் சேர்ந்தது மூன்று பதினாறுக்கு. அப்பா வந்தது மூன்று பன்னிரண்டுக்கு. டேப்லட் பச்சை காட்டியது.

முடிவு இரண்டு: விமான நிலையம். கண்ணாடிக் கதவு. 'கடைசிப் பயணி உள்ளே நுழைய—'

நான் அங்கே போகவில்லை. எனக்குத் தெரிந்தது வாசல் மட்டும்தான்.

6

சரி, மாட்டிக்கொள்கிறேன்.

மூன்று பன்னிரண்டுக்கு நானும் அங்கே இருந்தேன். இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவர், மஞ்சள் பை மாட்டிய சிறுமியைக் கையில் பிடித்தபடி, காவலாளியின் நோட்டில் கையெழுத்துப் போடப் போனார். பேனா எழுதவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு பேனா கிடைக்குமா?"

கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, மூடியைச் சரியாக மாட்டி, நன்றி சொல்லித் திருப்பித் தந்தார். கெட்டவர்கள் மூடி போடமாட்டார்கள் என்றுதான் இத்தனை வருடம் எழுதி வந்திருக்கிறேன்.

சாம்பல் நிறக் கார். இடது பக்கம் திரும்பியது. பின்விளக்கில் ஒன்று உடைந்திருந்தது. எண்ணின் கடைசி மூன்று இலக்கம் ஆறு, பூஜ்யம், நான்கு. பழக்கதோஷம், பார்த்தால் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

சிறுமி அழுதாளா? முதல் பிரதியில் 'சிரித்துக்கொண்டே போனாள்' என்று எழுதினேன். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வெற்றிடத்தில் எனக்கு வசதியானதை வைத்துக்கொண்டேன்.

இந்தக் கதையை எழுதினால் நான் வருகிறேன். என்னை எழுதினால் அந்தப் பேனா வருகிறது. அதனால் என் தலையில் ஒரு குறி வைத்து, ஐந்து பகுதி தாண்டிவிட்டேன்.

7

மூன்று இருபது. என் மகள் வகுப்பில் மறந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துவரப் போயிருந்ததால் நான் இன்னும் வாசலில் நிற்கிறேன். காவலாளி டேப்லட்டைக் காட்டிக் காட்டி, "பச்சைதாம்மா காட்டுச்சு, சத்தியமா பச்சை," என்று அழாத குறையாகச் சொல்கிறார். அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வருகிறாள்.

"மஞ்சள் பை... ஒரு பொண்ணு... யாராவது பாத்தீங்களா? எந்தப் பக்கம் போனாங்க?"

ஒரு அம்மா தலையாட்டுகிறாள், இல்லை என்று. ஒருவர் போனைப் பார்க்கிறார். பார்த்தேன் என்றால் பேனா வரும். நோட்டு வரும், போலீஸ் வரும், கோர்ட்டு வரும், 'நீங்களா சார் உதவினீங்க?' என்ற கேள்வி வரும்.

மகள் பாட்டிலோடு வந்து என் கையைப் பிடிக்கிறாள். அந்த ஆள் பேனா கேட்டபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். "அப்பா," என்று ஆரம்பிக்கிறாள், "அந்த அங்கிள் நம்ம பேனாலதானே—"

நான் அவள் கையை அழுத்தினேன். எதற்கு என்று எழுதமாட்டேன். அந்த இடத்தில் நீங்கள் ஒன்றை வைத்துக்கொள்வீர்கள்.

ஆனால் ஒன்று. கார் சாம்பல் நிறம், போனது இடது பக்கம், ஆறு, பூஜ்யம், நான்கு. இதெல்லாம் இப்போது உங்களிடமும் இருக்கிறது. அவள் வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டாள். ஒரு காலில் செருப்பில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்:

"நீங்க பாத்தீங்களா?"