உளி படாத இடம்

பதினோரு மணிக்குச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் கைடின் மகனும் நின்றிருந்தான். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவன். வீட்டில் எல்லோருக்கும் அவன் ‘ரூம்மேட்’. வெறும் ரூம்மேட் இல்லை என்று போன வாரம்தான் மகன் போனில் சொன்னான். “சரி, வை” என்றார் கைடு. அதன் பிறகு இன்றுதான் பார்க்கிறார்.

பழைய அரண்மனை. குளியல் தொட்டி, சமையற்கூடம், குதிரை லாயம். வருடக்கணக்கான பழக்கத்தில் குரல் தன்பாட்டுக்கு ஓடியது. லாயத்தில் மட்டும் நெடுநேரம் நின்றுவிட்டார்.

“என்ன சார், ஒவ்வொரு குதிரைக்கும் பேரு வச்ச கதை வரைக்கும் சொல்லுவீங்க போலிருக்கே?” என்றாள் காலை மாற்றி மாற்றி நின்ற ஓர் அம்மாள்.

வடக்குச் சுவரைத் தவிர்க்க வழியில்லை. வெளியே போகும் பாதை அதுதான். அங்கே அரசனும் அரசியும் ஒரே கோப்பையில் குடிக்கும் சிற்பம். அதற்கடுத்து, அதே உயரத்தில், இரண்டு வில்வீரர்கள். அவர்களுக்கும் ஒரே கோப்பை. ஒருவன் தலை மற்றவன் தோளில். சுற்றிலும் அரசனுக்கும் அரசிக்கும் செய்த அதே பூவேலை. இந்த இடத்தில் அவர் ஒரு ஜோக் வைத்திருந்தார்: “பாவம், பொம்பளையச் செதுக்க சிற்பிக்குக் கல்லு பத்தல.” கூட்டம் தவறாமல் சிரிக்கும். பள்ளி விடுமுறைகளில் கூடவே வந்த மகனும் சிரிப்பான். மற்றவர்கள் சிரித்த பிறகு.

“இவங்க வில்வீரர்கள்,” என்றார் கைடு.

சுவரைப் பார்த்தார். வீரர்களுக்கு வலப்புறம் ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் கல். உளியே படவில்லை. இன்னொரு உருவம் தாராளமாக வரும். இத்தனை வருடமும் அதில்தான் கையை ஊன்றிக்கொண்டு கல் பத்தவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் கை பட்ட இடம் மட்டும் மினுங்கியது.

“வாங்க, போலாம்.”

“அண்ணே, கல்லு ஜோக்கை விட்டுட்டீங்களே!” பின்னாலிருந்து வேன் டிரைவர். “நான் அதுக்குன்னே வண்டியப் பூட்டிட்டு உள்ள வந்தேன்.”

கிளம்பியவர்கள் திரும்பினார்கள். சிலர் முன்கூட்டியே புன்னகைத்தார்கள். ரூம்மேட் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கைடு மகனைப் பார்த்தார்.

“சொல்லுங்கப்பா,” என்றான் மகன். “இவன் இன்னும் கேட்டதில்ல.”