மூச்சு காட்டக் கூடாது

இருபது வருடமாகப் பாடுகிறாள். இன்றுவரை அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாட்டு எப்பம்மா ஆரம்பிக்கும்?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவள் பாட்டில் சொல் என்பதே கிடையாது. முனகல், நாக்குச் சொடுக்கு, மூச்சு, அவ்வளவுதான். வெளியூர் மேடைகளில் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வீட்டில் சாதகம் செய்தால் பக்கத்து வீட்டு அம்மா ஆஸ்துமாவுக்கு மருந்து சொல்லி அனுப்புகிறார். ஊரே மெச்சினாலும், அப்பா ஒரே ஒரு தடவை காது கொடுத்துக் கேட்க மாட்டாரா என்பதுதான் அவள் ஏக்கம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவ்வளவு வீம்பு.

வானொலிக்காகப் புதிதாக ஒன்று இசையமைத்தாள். முழுக்க முழுக்க மூச்சை வைத்தே கட்டியது. பதிவன்று நல்ல மழை. காரில் கொண்டுவந்து விட்ட அப்பாவை வெளியே காக்கவைக்க மனமில்லாமல் ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே உட்காரவைத்தாள்.

"இருமக் கூடாது, நாற்காலிய அசைக்கக் கூடாது. மூச்சு காட்டக் கூடாதுப்பா."

"உத்தரவு, மகாராணி" என்றார் அப்பா.

பாடி முடித்ததும் வழக்கமான கேள்வியைக்கூட அவர் கேட்கவில்லை. "பசிக்குது, போலாமா?" என்றார். அவளுக்கு மனசே விட்டுப்போனது.

ஒலிபரப்பு நாளன்று காலையில் ஒலிப்பதிவாளர் முகமெல்லாம் பல்லாக நின்றார். ஸ்டுடியோவுக்குப் புதியவர். அதுவரை விளம்பரக் குரல்களையே பதிவு செய்து பழகியவர்.

"சுத்தம் பண்ணிட்டேன் மேடம். ஒரு மூச்சுகூட மிச்சமில்ல."

போட்டுக் காட்டினார். அங்கொரு முனகல், இங்கொரு சொடுக்கு. நடுவில் ஒன்றுமே இல்லை.

"சுத்தம்!" என்றாள். கத்தியே இருப்பாள், ஜலதோஷத்தில் தொண்டை கட்டியிருந்தது. மறுபடி பாடித் தரவும் வழியில்லை.

"எடுத்ததெல்லாம் எங்க?"

"கம்ப்யூட்டர்ல குப்பைக்குப் போயிடுச்சு மேடம். இன்னும் காலி பண்ணல."

"அத மட்டும் போடுங்க."

அவள் மூச்சுகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னாலேயே இன்னொரு மூச்சு, கனமாக, மூக்கடைத்த மாதிரி. அப்பா! முதலில் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்காலிகூட ஒரு தடவை கிறீச்சிட்டது. பிறகு மெல்ல மெல்ல அவளோடு சேர்ந்துகொண்டது. அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. அவள் அடக்கிய இடத்தில் அதுவும் அடங்கியது. கடைசி நெடுமூச்சை இரண்டு பேரும் சேர்ந்தே விட்டார்கள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒலிப்பதிவாளர் பதறிப்போனார். "எல்லாத்தையும் இருந்த இடத்துலயே வெச்சிடறேன் மேடம். பின்னாடி கேக்கற மூச்ச மட்டும் எடுத்துடப் பாக்கவா?"

"அதத் தொட்டீங்க, நடக்கறதே வேற."

மாலை ஒலிபரப்பு முடிந்த கையோடு அப்பா போன் செய்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. கூட ஒருத்தர் பாடினாரே, யாரு அது? உனக்குச் சரியா ஈடு குடுத்திருக்காரு."

"நீங்கதான்பா."

"நானா? நான் மூச்சே காட்டலையேம்மா!"