முடிந்த சரிவு

மண் நகர்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சுரங்கக் குழியின் இந்தக் கரையில் கருவியை நிறுத்தி, எதிர்ச் சரிவுகளில் பதித்த கண்ணாடிகளைக் குறிபார்த்து, எது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்வேன். மண்ணுக்கு நாடி பார்க்கிறவள் என்று கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

குழியின் வடக்கு ஓரத்தில், தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி ஒரு மலையே எழுப்பியிருந்தார்கள். போன வருடம் அதைப் படிப்படியாகச் செதுக்கி, புல் விதைத்து, 'முடிந்த சரிவு' என்று அறிவித்தார்கள். முடிந்ததை எதற்கு அளக்க வேண்டும் என்று என் கண்ணாடிகளையும் கழற்றி வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மலைக்கு நேர் கீழே, குழியின் அடியில், தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகை. அங்கே வேலை பார்ப்பது என் தம்பி. எந்நேரமும் முழங்கால் தண்ணீரில் நிற்பதால் சுரங்கம் முழுக்க அவனுக்குத் தவளை என்றே பெயர். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

அன்று காலை, கன்று நடும் மேஸ்திரி தன் வேலையைக் காட்ட என்னை மேலே கூட்டிப்போனார். வெகுளி மனிதர். ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் பச்சை தெரிய வேண்டும் என்று நாயாக உழைத்திருந்தார். கன்றுகள் தளதளவென்று இருந்தன. ஆனால் வரிசை நேராக இல்லை. ஓரத்தை ஒட்டிப் பிறை மாதிரி வளைந்து போனது.

"ஏன் மேஸ்திரி, வளைச்சு நட்டிருக்கீங்க?"

"நான் எங்கம்மா வளைச்சேன்? இங்க ஏற்கனவே பள்ளமா ஒரு கோடு ஓடுச்சு. குழி வெட்டுற வேலை மிச்சம்னு அதுலயே வச்சுட்டேன். எத்தன வண்டி தண்ணி விட்டாலும் தேங்கவே மாட்டேங்குது, அப்படியே குடிச்சிடுது. அருமையான மண்ணு."

அது பள்ளமில்லை, வெடிப்பு. மலை கழன்றுகொள்ளப் பார்க்கிறது. இந்த மனிதர் அதற்குள் வண்டி வண்டியாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

அவரை வெடிப்புக்கு இந்தப் பக்கம் இழுத்துவந்து, மேலாளரைப் போனில் பிடித்தேன்.

"சார், வடக்குச் சரிவு வெடிச்சிருக்கு. கீழ இருக்கிறவங்கள உடனே ஏத்தணும்."

"அது முடிஞ்ச சரிவும்மா. அளவு என்ன காட்டுது?"

"அங்க கண்ணாடியே இல்லையே சார். நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

"அப்ப எத வச்சு மோட்டார நிறுத்தச் சொல்ற? கண்ணாடிய மாட்டு, அளவு எடு, பார்ப்போம்."

வாக்கிடாக்கியில் தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய் தவள, எல்லாத்தையும் போட்டுட்டு மேல வா."

"மேனேஜர் சொல்லாம எப்படிக்கா வர்றது? மோட்டார நிறுத்தினா தண்ணி ஏறிடும்."

"ஏறட்டும்டா. நீ வா."

"சரி, கத்தாத. வால்வ மூடிட்டு வந்துடறேன்."

வால்வை மூடத்தான் போனான். அதற்குள் மலை இறங்கியது. கன்றுகள் வரிசை கலையாமல், நின்றபடியே கீழே போயின. சத்தம் பிறகுதான் வந்தது. மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வாக்கிடாக்கியில் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

மதியத்துக்குள் அவனைத் தோண்டியெடுக்க மண்வாரி வண்டிகள் வந்து நின்றன. மிச்சம் நின்ற சரிவில் கேட்ட இடத்திலெல்லாம் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார்கள். மேலாளர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அடியில தோண்டலாமாம்மா? நீ சொல்றதுதான்."

அடியில் கைவைத்தால் மிச்சமும் தோண்டுகிறவர்கள் தலையில் வந்து விழும். அவருக்கும் அது தெரியும். ஆனால் வாய்திறந்து சொல்ல வேண்டியவள் நான்.

யாரோ சொல்லி அம்மா வந்துவிட்டாள். செருப்புகூடப் போடவில்லை. என் பின்னால் வந்து நின்றாள்.

"நீ சரின்னு சொன்னா தோண்டுவாங்களாமே. சொல்லேம்மா."

கருவியில் கண்ணை வைத்தேன். மண் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப வேண்டாம் சார்" என்றேன்.

மண்வாரி ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அம்மா என் தோளைப் பிடித்தாள்.

"சரியாப் பாரு. இன்னொரு தடவ பாரு."

பார்த்தேன். அவள் சொல்லும்போதெல்லாம் பார்த்தேன்.